கம்பியில் இரண்டு கோடுகள்

அந்த வீட்டுக்கு அஸ்திவாரம் கிடையாது, நாலு சக்கரம்தான் உண்டு. உள்ளே ஒரு கட்டில், ஒற்றை அடுப்பு, கை கழுவ ஒரு தொட்டி, மடக்கி வைக்கிற மேசை. ஓடும்போது அது வண்டி, நின்றால் வீடு. வண்டியை ஓட்டுகிறவள் மனைவி. மனைவியை ஓட்டுகிறவர், பின்னால் கட்டிலில் படுத்திருக்கும் கணவர்.

"டிரைவரம்மா, கியரை மாத்து. என்ஜின் அழுவுது பாரு."

"அது அழுவல. உங்க பேச்சைக் கேட்டு முனகுது."

அவர் ஆயுசின் பெரும்பகுதி லாரி ஓட்டியவர். இதயம் பலவீனமான பிறகு ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலைத் தொங்கப் போட்டு வெகுநேரம் உட்கார்ந்தால் கால் வீங்கிவிடும், தட்டையாகப் படுத்தால் மூச்சு முட்டும். அவள் தையல்காரி. மெஷின் மிதித்துப் பழகிய கால் கிளட்சையும் சீக்கிரமே பழகிக்கொண்டது. ஐம்பது தாண்டி வண்டி ஓட்டக் கற்றவளைத் தெருவே வேடிக்கை பார்த்தது. "கடவுள் கொடுத்த காலு, எதை மிதிச்சா என்ன?" என்று அவள் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இப்போது அவர்கள் மகளிடம் போய்க்கொண்டிருந்தார்கள். தலைப்பிரசவம். குழந்தை குறுக்கே கிடப்பதால் அறுவைசிகிச்சை என்று நாள் குறித்துவிட்டார்கள். அது நாளைக் காலை. மருமகன் கப்பலில் வேலை பார்ப்பவன், நடுக்கடலிலிருந்து வர வழியில்லை. "அம்மா, நீ வந்து என் கையைப் பிடிச்சாதான் உள்ள போவேன்" என்று மகள் போனில் சொல்லியிருந்தாள். அப்பாவை ஒரு வாரம் ஏதாவது ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு பஸ்ஸில் வந்துவிடேன் என்றும் சொன்னாள்.

"உனக்குக் கையும் பிடிப்பேன், அவருக்கு மாத்திரையும் கொடுப்பேன். ரெண்டு பேரும் வர்றோம்" என்றாள் தாய்.

கிளம்பிய நாளிலிருந்து அவள் தவறாமல் செய்த வேலை ஒன்று உண்டு. தினமும் விடிந்ததும் என்ஜின் ஆயில் பார்ப்பது. வண்டி பழசு, கொஞ்சம் ஆயில் குடிக்கும். அதனால் கணவர் அவளுக்கு மந்திரம் போல ஓதியிருந்தார். "சமதரையில நிக்கணும். என்ஜின் ஆறியிருக்கணும். ஆயில் அளவு பாக்குற கம்பியை உருவு, துடை, மறுபடி உள்ள விட்டு எடு. கம்பியில ரெண்டு கோடு இருக்கும். ஆயில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவுல இருக்கணும். கீழ போனா என்ஜின் தேஞ்சு போகும்."

மேலே போனால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டவளுக்கு அது கேட்கத் தோன்றுகிற கேள்வியும் அல்ல. ஒரு சொட்டு கூடினால் துணியில் கறைபடும், அதற்கு மேல் என்ன ஆகிவிடும்?

அவள் தவறாமல் செய்த இன்னொரு வேலையும் உண்டு. அது அவருக்குத் தெரியாது என்று அவள் நினைத்திருந்தாள்.

தலையை உயர்த்திப் படுக்க வையுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். மூன்று தலையணையை அடுக்கினாள். அவர் மூன்றையும் எடுத்துக் காலடியில் போட்டார். "லாரி சீட்டுல கட்டை மாதிரி படுத்துத் தூங்கினவன் நான். இதென்ன, நோயாளின்னு ஊருக்கே பலகை மாட்டி வைக்கிற மாதிரி?" அன்றைக்கு ராத்திரி முழுக்க அவர் இருமினார். தலையணையை அவள் மறுபடி எடுக்கவில்லை. மனிதனின் மானமும் ஒரு உறுப்புதான், அதற்கும் வலிக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

தலையணை வேண்டாமென்றால் போகட்டும், வீட்டையே தூக்கிவிடலாம் என்று முடிவு செய்தாள். மரக்கடையில் சரிவாக இழைத்த கட்டைகள் வாங்கினாள். சாயங்காலம் வண்டியை நிறுத்துமுன் முன்சக்கரங்களுக்கு அடியில் கட்டையை வைத்து மெதுவாக ஏற்றிவிடுவாள். அவர் தலை வைத்துப் படுப்பது முன்பக்கம். வண்டியின் மூக்கு உயர்ந்தால் அவர் தலையும் உயரும்.

"என்னம்மா, எதுல ஏத்துற?"

"தரை சரியில்லைங்க. சமன் பண்றேன்."

சொன்னது பொய். தரை நன்றாகத்தான் இருந்தது. பொய் சொன்னதற்காகச் சாமியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அவர் சீராக மூச்சுவிடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு தூங்கினாள். மலைப்பக்கம் நெருங்க நெருங்கக் குளிர் கூடியது, இருமலும் கூடியது. அவள் கட்டைக்கு மேல் இன்னொரு பலகை சேர்த்தாள். பிறகு இன்னொன்று. இருமல் அடங்கியது. "பாத்தியா, தலையணை இல்லாமலே எப்படித் தூங்குறேன்!" என்று காலையில் அவர் மார்தட்டிக்கொண்டார். "உங்க உடம்பு இரும்பாச்சே" என்று அவள் சிரித்துக்கொண்டாள்.

அவர் விழிக்குமுன் எழுந்து கம்பியைப் பார்ப்பாள். பலகை சேர்த்த மறுநாளெல்லாம் ஆயில் கீழ்க்கோட்டுக்குக் கீழே இருந்தது. ஊற்றினாள். பிறகு என்ஜினைக் கிளப்பிக் கட்டையிலிருந்து இறக்குவாள். அந்தச் சத்தத்தில்தான் அவர் கண் விழிப்பார்.

"ஆயில்?"

"குறைஞ்சிருந்துச்சு. ஊத்திட்டேன்."

"வயசானா குடிக்கத்தான் செய்யும்."

"நீங்க விட்ட பழக்கத்தை அது பிடிச்சிருக்கு."

அன்றைக்கு மதியம் வண்டி மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. சாயங்காலத்துக்குள் மகள் இருக்கும் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டிருந்தாள். அப்போது ஸ்டியரிங்குக்கு எதிரே சிவப்பு விளக்கு ஒன்று கண் சிமிட்டியது. எண்ணெய்ச் சொம்பு போல ஒரு படம். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் நீலப் புகை, சாம்பிராணி போட்ட மாதிரி.

"எரியிற வாடை வருது. நிறுத்து! என்ஜினை அணை!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

சாலையில் நிறுத்த இடமில்லை. வலப்பக்கம் ஒரு கல்குவாரியின் வாசல், அதையொட்டி லாரிகளை எடை போடும் மேடை. என்ஜினை அணைத்துவிட்டு, வந்த வேகத்திலேயே வண்டியை உருட்டி அதில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

மேடைக்கு அருகே கண்ணாடிக் கூண்டு. அதிலிருந்து எடைக்காரர் வேகமாக வந்தார், ஒல்லியான மனிதர்.

"அம்மா, அம்மா! இது எடை போடுற இடம். வீட்டையெல்லாம் இங்க நிறுத்தக்கூடாது."

"அண்ணே, வண்டி புகையுது. உள்ள நோயாளி இருக்காரு. கொஞ்ச நேரம் விடுங்க."

"யாருடி நோயாளி?" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

எடைக்காரர் எட்டிப் பார்த்தார், குரலை இறக்கிக்கொண்டார். "சரி. ஆனா எண்ணெயைக் கீழ சிந்திடாதீங்க. ஜாக்கி எதுவும் வைக்காதீங்க. இந்த மேடை இம்மி சாய்ஞ்சாலும் எடை பொய் சொல்லும். வாரா வாரம் மட்டம் பாத்து வெச்சிருக்கேன்."

அவள் மிச்சமிருந்த ஆயில் கேனை எடுத்து, முன்மூடியைத் திறந்தாள். சிவப்பு விளக்கு என்றால் ஆயில் குறைவு. குறைவு என்றால் ஊற்ற வேண்டும். கேனின் வாயைத் திருகியும்விட்டாள். ஆனால் பார்க்காமல் ஊற்றக்கூடாது என்பது அவர் பாடம். மேலே ஏறிய ஆயில் கீழே இறங்கட்டும் என்று சற்றுப் பொறுத்தாள். கம்பியை உருவித் துடைத்து, உள்ளே விட்டு எடுத்தாள்.

ஆயில் மேல்கோட்டைத் தாண்டி, கம்பியில் வெகுதூரம் ஏறி நின்றது.

மறுபடி துடைத்தாள், மறுபடி விட்டாள். அதேதான். காலையில் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது இப்போது எப்படி இத்தனை மேலே? ஆயில் என்ன குட்டியா போடும்?

இம்மி சாய்ந்தாலும் பொய் சொல்லும். எடைக்காரரின் பேச்சு காதிலேயே நின்றது. அவள் குனிந்து முன்சக்கரங்களைப் பார்த்தாள். அடியில் கட்டை இல்லை. சமதரை, சமதரை என்று அவர் சொன்னபோதெல்லாம் அவள் தரையைத்தான் பார்த்தாள். தரை எப்போதும் சமமாகத்தான் இருந்தது. சாய்ந்திருந்தது வண்டி. மூக்குத் தூக்கி நின்ற வண்டியில் ஆயில் பின்னால் போய்த் தேங்கியது, முன்னால் இருக்கும் கம்பிக்கு எட்டவில்லை. கட்டை உயர உயர அவள் ஊற்றிக்கொண்டே வந்திருக்கிறாள்.

"என்னம்மா, கீழ்க்கோட்டுக்குக் கீழ இருக்கா?" உள்ளேயிருந்து கேட்டார். "அப்ப ஊத்து, யோசிக்காத."

ஆமாம் என்று சொல்லிவிடலாம். ஆனால் என்ன செய்வது என்று அவரிடம்தான் கேட்டாக வேண்டும். கேட்டால் கட்டை வெளியே வரும், கட்டை வந்தால் அவருடைய இரும்பு உடம்பு என்ன ஆகும்? கையில் கம்பியோடு அவள் நின்றாள். இதற்குள் மேடைக்குப் பின்னால் கல் ஏற்றிய லாரிகள் சேர்ந்துவிட்டன. முதல் லாரியிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். பெரிய மீசைக்காரர்.

"என்னக்கா பிரச்சினை? எந்த ஊருக்கு?"

சொன்னாள். மகளைப் பற்றியும் சொன்னாள்.

"எடை போட்டதும் நான் அந்த ஊருக்குத்தான் போறேன். வாங்க, ஏறிக்குங்க. இருட்டுறதுக்குள்ள ஆஸ்பத்திரி வாசல்ல விட்டுடுறேன். அண்ணன் இங்க இருக்கட்டும். மெக்கானிக் நாளைக்கு வருவாரு."

கணவர் கதவருகே வந்து, சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு வாங்கியது. "போயிட்டு வா. தம்பி நல்ல மனுசனாத் தெரியுறாரு. நான் என்ன குழந்தையா? ரொட்டி இருக்கு, மாத்திரை இருக்கு. புள்ள அங்க தனியாக் கிடக்குறா."

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் இன்றைக்குக் கட்டை போட அவருக்கு யார் இருக்கிறார்கள்? அவராகப் போட மாட்டார், பிறரைக் கேட்கவும் மாட்டார். தட்டையாகப் படுத்து இருமிக்கொண்டு கிடப்பார். 'கடவுளே, வாயைத் திறக்கிற தைரியத்தைக் கொடு' என்று கேட்டாள். கிடைத்தது.

"நான் தனியாப் போகலங்க. ஆயில் குறையல. ரொம்ப ஜாஸ்தியா இருக்கு. நான்தான் ஊத்தி ஊத்தி நிரப்பிட்டேன்." ஒரே மூச்சில் மீதியையும் சொன்னாள். "தரை சரியில்லைன்னு சொன்னது பொய். உங்க தலை உயரணும்னு நான்தான் தினமும் வண்டியைக் கட்டையில ஏத்தினேன். ஏத்தின வண்டியிலயே கம்பியைப் பாத்தேன்."

மீசைக்காரர் நாகரிகம் தெரிந்தவர். தன் லாரி டயரைத் தட்டிப் பார்ப்பது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கணவர் குனிந்து முன்சக்கரத்தைப் பார்த்தார். பிறகு, "இறக்காமலா பாத்த?" என்றார்.

"என்னது?"

"கட்டையிலயிருந்து இறக்காமலேயா கம்பியைப் பாத்த? ஹேண்ட் பிரேக்கை விட்டா தானா இறங்கிடுமே. இறக்கி, பாத்துட்டு, அப்புறம்தான் நீ கிளப்புறன்னு நெனச்சேன்."

அவள் வாய் திறந்தபடி நின்றது. "உங்களுக்குத் தெரியுமா?"

"ஏம்மா, ஆயுசெல்லாம் லாரி ஓட்டினவன் முதுகுக்கு மேடு பள்ளம் தெரியாதா? தலைமாட்டுல வெச்ச டம்ளர்ல தண்ணி ஒரு பக்கமா நிக்குது. அலமாரிக் கதவு தானாத் திறந்துக்குது. நீ பலகை மேல பலகை போட்டது ஒவ்வொண்ணும் தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னா நீ எடுத்துடுவ. எடுக்கலைன்னா நான் கோபப்பட்டாகணும், இல்லையா? தூக்கம் நல்லா வந்துச்சு. வாயை மூடிக்கிட்டேன்." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "ஆயில் தினமும் குறையுதுன்னு நீ சொன்னப்பவே கேட்டிருக்கணும். கேட்டா நான் கட்டையைப் பத்திப் பேசணும். கௌரவம் தடுத்துச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. ஒருவரையொருவர் நோகடிக்காமல் இருப்பதில் இருவருமாகச் சேர்ந்து ஒரு என்ஜினை நோகடித்திருக்கிறார்கள்.

"ஜாஸ்தியானா என்ன ஆகும்?"

"உள்ள சுத்துற தண்டு ஆயில்ல முங்கி, அதைக் கடைஞ்சு நுரையாக்கிடும். நுரை ஓடி என்ன பிரயோசனம்? அதான் விளக்கு எரிஞ்சது. புகையும் அதான். இதோட இன்னும் கொஞ்சம் ஓட்டியிருந்தா என்ஜின் போச்சு." அவள் காலடியிலிருந்த கேனைப் பார்த்தார். "நல்லவேளை, பாக்காம ஊத்தல."

"எடுத்துட்டா சரியாயிடுமா?"

"ஆயிடும். ஆனா என்ஜினுக்கு அடியில ஆயில் வடிக்கிற போல்ட்டைக் கழட்டணும். அதுக்கு ஏத்த ஸ்பேனர் நம்மகிட்ட இல்ல."

மீசைக்காரர் இதற்குத்தான் காத்திருந்தவர் போல வந்தார். தன் பெட்டியைக் கொண்டுவந்து, மேடையில் மல்லாந்து படுத்துப் பார்த்தார். போல்ட்டின் முனை மழுங்கிப் போயிருந்தது. எதுவும் பிடிக்கவில்லை. "உடைச்சா மொத்த ஆயிலும் ஊத்திடும்க்கா. அப்புறம் இங்கேயே வாடகைக்குக் குடியிருக்க வேண்டியதுதான்" என்று புழுதியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

அவள் கம்பி போகும் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்லிய குழாய், நேராகக் கீழே ஆயில் வரைக்கும் போகிறது. இப்படி ஒரு குழாய் வழியாக அவள் முன்பு ஒரு வேலை செய்திருக்கிறாள். அவர் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தபோது, மூக்கு வழியே போட்ட குழாயில் பெரிய ஊசிக்குழல் வைத்துப் பால் கொடுத்தது அவள்தான். ஊசி இல்லாத அந்தக் குழலும், பிரிக்காத குழாய் ஒன்றும் மருந்துப் பெட்டியில் இன்னும் இருந்தன.

ஓடிப்போய் எடுத்துவந்தாள். குழாயைக் கம்பி போகும் வழியில் மெல்ல மெல்ல இறக்கினாள். எங்கோ தட்டி நின்றது. கொஞ்சம் இழுத்து, விரலில் சுருட்டித் திருப்பி, மறுபடி விட்டாள். இறங்கியது. அதன் மேல்முனையில் ஊசிக்குழலைப் பொருத்தி இழுத்தாள். முதலில் காற்று வந்தது. பிறகு, பழுப்பாக, வெதுவெதுப்பாக, ஆயில் ஏறியது.

"வருதுடா!" என்று மீசைக்காரர் கத்தினார். யாரை 'டா' என்றாரோ, ஆயிலைத்தான் போலிருக்கிறது.

"சூடா இருக்குறப்பவே எடு. ஆறினா கெட்டியாயிடும்" என்றார் கணவர், கதவுச் சட்டத்தில் சாய்ந்தபடி.

ஒரு குழல் என்பது ஒரு மடக்கு அளவுதான். இழுக்க வேண்டும், கழற்ற வேண்டும், கேனில் விட வேண்டும், மறுபடி பொருத்த வேண்டும். எடைக்காரர் சிந்தாமலிருக்கப் பழைய சாக்கு கொண்டுவந்து விரித்தார். காலி கேனும் கொடுத்தார். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. "யாருப்பா அது? உன் கல்லு என்ன கெட்டா போயிடும்?" என்று கூண்டிலிருந்தே சத்தம் போட்டார். அப்புறம் ஹாரன் கேட்கவில்லை.

அவள் கட்டைவிரல் மரத்துப் போனது. மீசைக்காரர் நான் இழுக்கிறேன் என்று கேட்டு வாங்கினார். அவருடைய முரட்டுப் பிடியில் குழாய் கழன்று சட்டையெல்லாம் ஆயில். "கொடுங்க தம்பி. இது பால் கொடுத்த கைக்குத்தான் வரும்" என்று வாங்கிக்கொண்டாள். அவர் கேனைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்கு எனக்குப் பால். இன்னைக்கு என் வண்டிக்கு வாந்தி. உன் வைத்தியமே வைத்தியம்" என்றார் கணவர்.

"பேசாம உட்காருங்க, மூச்சு வாங்குது."

அவர் பேசாமல் உட்கார்ந்தார். பிறகு, யாரும் சொல்லாமலே, கட்டிலிலிருந்து மூன்று தலையணையையும் இழுத்து முதுகுக்குப் பின்னால் அடுக்கிச் சாய்ந்துகொண்டார், ஊரார் எல்லாரும் பார்க்க. அவள் அதைக் கவனித்தாள். கவனிக்காதவள் போல ஆயிலை இழுத்துக்கொண்டிருந்தாள்.

நடுநடுவே கம்பியை விட்டுப் பார்த்தாள். மேல்கோட்டுக்கு மேலேயே இருந்தது, பிறகு கோட்டைத் தொட்டது. "போதுமா?" என்றார் எடைக்காரர். "இன்னும் கொஞ்சம்" என்றாள். மறுபடி இழுத்தாள், துடைத்தாள், விட்டாள். இரண்டு கோட்டுக்கும் நடுவில், இம்மி பிசகாமல். கம்பியைக் கொண்டுபோய்க் கணவரிடம் காட்டினாள். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "கிளப்பு" என்றார்.

கிளப்பினாள். சிவப்பு விளக்கு எரிந்தது, அணைந்தது, அணைந்தே இருந்தது. பின்னால் நீலமாகக் கொஞ்சம் வந்த புகை மெல்ல வெளுத்துக் காணாமல் போனது. வரிசையில் நின்ற லாரிகள் எல்லாம் சேர்ந்து ஹாரன் அடித்தன. இந்த முறை எடைக்காரர் யாரையும் திட்டவில்லை.

அவருக்கு எப்படி நன்றி சொல்வது என்று அவள் தடுமாறினாள். "நான் என்னம்மா செஞ்சேன், ஒரு சாக்கு விரிச்சேன்" என்றார் அவர். உலகத்தில் பாதி உதவி ஒரு சாக்கு விரிப்பதுதான். அதைக்கூட விரிக்காதவர்கள்தான் அதைச் சின்ன விஷயம் என்பார்கள்.

மீசைக்காரர் எடை போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தார். மேட்டில் அவள் மெதுவாக ஏறியபோது முந்திப் போகவில்லை. ஆஸ்பத்திரி தெரிகிற வளைவு வரை வந்து, ஒருமுறை விளக்கைப் போட்டுக் காட்டிவிட்டுத் தன் வழியே திரும்பினார்.

அந்தி மங்கும் நேரத்தில் ஆஸ்பத்திரி வளாகத்தில் வண்டியை நிறுத்தினாள். பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது, இனி காலையில்தான் உள்ளே விடுவோம் என்று வாசலில் சொல்லிவிட்டார்கள். கட்டைகளைக் கையில் எடுத்தவள், கதவருகே தயங்கினாள்.

"போடு, டிரைவரம்மா. எல்லாப் பலகையும் போடு. தலை நல்லா மேல இருக்கட்டும்" என்றார் அவர்.

விடிந்ததும் எழுப்பியது அவர்தான். "இறக்கிட்டுப் பாரு" என்றார். ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்தினாள். வண்டி பூனை போலச் சத்தமில்லாமல் சமதரைக்கு இறங்கியது. கம்பியை உருவி, துடைத்து, விட்டு எடுத்தாள்.

"நடுவுல இருக்கு."

"அப்ப இன்னைக்கு ஒண்ணும் ஊத்த வேண்டாம்."

கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். ஆஸ்பத்திரியில் ஒரு சக்கர நாற்காலி கேட்டு வாங்கி, அவரை அதில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போனாள். அவர் மறுக்கவில்லை. "இதுக்கு ஆயில் பாத்தியா? கிரீச்சுன்னு கத்துது" என்று மட்டும் சொன்னார்.

மகளை அறுவைசிகிச்சைக்குக் கொண்டுபோகத் தள்ளுகட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, உதடு அசைய ஏதோ வேண்டிக்கொண்டிருந்தாள். தாய் ஒன்றும் பேசாமல் அவள் கையைப் பிடித்தாள். மகள் அந்தக் கையை இழுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். எத்தனை தேய்த்தும் நகக்கண்ணில் கொஞ்சம் ஆயில் வாடை மிச்சமிருந்தது. சின்ன வயதில், லாரியிலிருந்து இறங்கி வந்து தன்னைத் தூக்கிய கையின் வாடை அது.

"அப்பா... வந்துட்டீங்களா?" என்றாள் கண்ணைத் திறக்காமலே.

"வந்துட்டேன்டா" என்றது நாற்காலியிலிருந்து ஒரு குரல். "ஆனா அது உங்கம்மா கை. என் வேலையை இப்ப அவதான் பாக்குறா."

மகள் கண் திறந்து இருவரையும் பார்த்தாள். சிரித்தாள். பிறகு கையை மெல்ல விட்டுவிட்டு, "சரி, போகலாம்" என்று நர்ஸிடம் சொன்னாள்.